தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாங்க

போன வாரம் ரேவதி போன் பண்ணினாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண்.

"அக்கா, சென்டருக்குப் புதுத் தொப்பி வந்துக்குது. பசையே வேணாமாம். தலையில அப்டியே மாட்டினா போதும். அப்பால தலை கழுவி வுடற வேலையும் இல்ல."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பசையைக் கழுவி விடத்தான் நான் அந்த மாடிக்கு முதலில் ஏறினேன்.

"மெஷினெல்லாம் டாக்டர் சார் சொல்லிக் குடுத்துட்டாரு. பெத்தவங்கதான்க்கா பயமாக்குது. எத்தினி நாள்ல சரியாவும், எத்தினி நாள்ல சரியாவும்னு கேட்டுக்கினே இருக்காங்க. நீ இன்னா சொல்லுவ?"

போனில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன், எழுத்து முன்னே பின்னேதான் இருக்கும். வேலைக் கதையை ரிட்டயர் ஆனவர்கள்தான் எழுதுவார்கள் என்று தெரியும். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் என் வேலை முடிந்துவிட்டது. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சென்டர் சின்ன காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுக்கடை மாடியில் இருக்கிறது. போர்டில் கவனப் பயிற்சி மையம் என்று இருக்கும். பயிற்சிக்கு நியூரோஃபீட்பேக் என்று பேர். ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "மூளை கம்ப்யூட்டர் மாடி" என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். படிப்பில் கவனம் நிற்காத பிள்ளைகள் வருவார்கள். தலையில் ஒயர் ஒட்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்போம். திரையில் ஒரு படகு. பிள்ளையின் கவனம் கூடினால் படகு போகும். மனசு எங்கேயாவது போனால் படகு நின்று, படம் மங்கிவிடும். பிள்ளை திரும்பி வந்தால் மறுபடி வெளிச்சம். இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்ப, மாசக் கணக்கில் பண்ண வேண்டும்.

அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் என் வீட்டுக்காரர் குமரேசன். கதவு திறப்பதில் ஆரம்பித்து, திரை பார்த்துச் சொல்கிற ஆளாக ஆகியிருந்தார். எனக்கு வாலாஜாபாத், அப்பா அம்மா இருவரும் ரைஸ்மில்லில் வேலை. கல்யாணம் ஆகி வந்த கொஞ்ச நாளில் குமரேசன் கேட்டார்.

"ஏம்மா, பொம்பளப் பசங்க தலைய நான் கழுவி வுட்டா நல்லாவா இருக்குது? நீ வாயேன்."

போனேன். கழுவினேன். பிறகு சென்டரை நடத்துகிற டாக்டர் சார் ஒயர் ஒட்டவும் கற்றுக்கொடுத்தார். பழகுவதற்குத் தலை வேண்டுமே. குமரேசன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மழைக்காலம் முழுக்க என் புருஷன் தலையில்தான் வேலை கற்றுக்கொண்டேன்.

"உள்ள இன்னா இருக்குதுன்னு பாரு" என்பார்.

"ஒண்ணும் காணோமே."

"அப்ப சரியாதான் ஒட்டிக்கிற."

ஒட்டுவது இப்படி. மூக்கு ஆரம்பிக்கிற பள்ளத்திலிருந்து பின்தலை மேடு வரை டேப்பால் அளந்து பாதியில் குறி வைக்க வேண்டும். ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை அளந்து பாதி. இரண்டும் சேருகிற இடம் உச்சந்தலையில் வரும். அங்கே முடியை வகிடு பிரித்து, நறநறவென்று இருக்கிற ஜெல்லைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் பிள்ளை அழும், தேய்க்காமல் விட்டால் ஒயருக்கு ஒன்றும் கேட்காது. பிறகு கொண்டைக்கடலை அளவு வெள்ளைப் பசை, அதன்மேல் ஒயர் நுனியில் இருக்கிற சின்ன உலோகக் கிண்ணி. இரண்டு காது மடலிலும் கிளிப். திரைக்கு முன்னால் குமரேசன் ஒரு நம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது இறங்கினால்தான் சரியாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த அறையில் நாங்கள் பேசக் கூடாது. பேசினால் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அதனால் அவர் பேனாவால் மேசையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஒட்டவில்லை, திரும்பி வா. இரண்டு தட்டு என்றால் போதும், விலகு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்துவிட்டது. வீட்டிலும் அதேதான். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் தட்டில் ஒரு தட்டு.

எங்களுக்கு ஒரே எதிரி எண்ணெய். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய வழிய வரும். பசை நிற்காது, கிண்ணி வழுக்கிக்கொண்டு காதுக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் படி இறங்கும்போது, "அடுத்த தடவ தலைக்கு எண்ணெ வெக்காம வாங்க" என்று மேலேயிருந்து கத்துவேன். ஒரு அம்மா நின்று திருப்பிக் கேட்டாள்.

"எண்ணெ வெக்காம அனுப்பினா எம் மாமியா கேக்கும்மா, ஏண்டி புள்ளய ஆளில்லாத புள்ள மாறி அனுப்பறன்னு. நீ வந்து அதாண்ட பதில் சொல்றியா?"

ஒரு பையன் வேண்டுதலுக்கு மொட்டை போட்டு, சந்தனம் காயாமலே வந்தான். குமரேசனுக்கு அன்றைக்கு அத்தனை குஷி. "தினம் இந்த மாறி ஒரு தலை வந்தா நமக்கு இன்னா கஷ்டம்!" என்று அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அறை முழுக்கச் சந்தன வாசனை.

கருட சேவை அன்றைக்கு ஒரு பிள்ளையும் வராது. தெரு அடைத்துக்கொள்ளும். மூன்று பேரும் மொட்டை மாடியில் நின்று கூட்டத்தைப் பார்ப்போம். "இன்னிக்கு ஊரே ஒரே எடத்தப் பாத்துக்கினு இருக்கு. நமக்கு வேலை இல்ல" என்பார் டாக்டர் சார். வருஷா வருஷம் அதையே சொல்வார். வருஷா வருஷம் குமரேசன் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்.

டாக்டர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேச மாட்டார். பிள்ளையை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் தரையில் உட்காருவார். படகு எவ்வளவு வேகமாகப் போனாலும் "வெரி குட்" சொல்ல மாட்டார். "இப்ப உள்ள எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். பிள்ளைகள் முழிக்கும். பதில் வரும்வரை காத்திருப்பார். "படகு ஓட்டவா இங்க வராங்க? அந்த உள்ளே இருக்கறத வீட்டுக்கு எடுத்துக்கினு போவணும்ல" என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார்.

பெற்றவர்களிடம் அவர் சொன்னதைத்தான் நானும் சொல்லி வந்தேன். ரேவதி, நீயும் இதையே சொல்.

மெஷினிலிருந்து தலைக்குள் எதுவும் போகாது. ஸ்டெதாஸ்கோப் மாதிரி, அது கேட்கும், பேசாது. முதல் சில வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. சில பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அசந்து தூங்கும், சிலதுக்குத் தலை வலிக்கும், எரிச்சல் வரும், அதை மறைக்காமல் நம்மிடம் சொல்லச் சொல். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது. தூக்கம் இல்லாமல், வெறும் வயிற்றோடு கூட்டிவந்தால் பிரயோஜனம் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் இது பலிக்காது. இது எவ்வளவு பலிக்கும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த பேச்சு கிடையாது, அதையும் அவர் முதல் நாளே சொல்லிவிடுவார். கேட்டுவிட்டுப் பாதிப் பேர் படி இறங்கிப் போய்விடுவார்கள். "போவட்டும். நம்பிக்கினு வந்து ஏமாறதுக்கு இது தேவலாம்" என்பார்.

பிள்ளைகள் ஏமாற்றும். பல்லைக் கடித்தால் படகு ஓடும் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். குமரேசன் பார்க்கிற திரையில் பிள்ளையின் மூளை அலை கோடாக ஓடும், பல்லைக் கடித்தால் கோடு தடித்து அவருக்குத் தெரிந்துவிடும். "டேய், பல்லக் கடிச்சா படகு போவும்டா. பரீட்சைய பல்லா எழுதும்?"

இப்போது தாரணி கதை.

தாரணிக்கு அப்போது பத்து வயசு. அப்பா சண்முகம், அம்மா வசந்தா, இரண்டு பேரும் பட்டுத்தறி. எங்கள் சென்டருக்குப் பின் தெரு. ஒரே பெண். சேட்டை கிடையாது, சத்தம் கிடையாது. கூப்பிட்டால் இருக்காது, அவ்வளவுதான். கண் திறந்திருக்கும், ஆள் இருக்காது. பரீட்சைத் தாளில் முதல் பக்கம் எழுதுவாள், மீதி வெள்ளையாக இருக்கும். முழுப் பரீட்சைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் சென்னையில் ஹாஸ்டலோடு இருக்கிற தனிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"எங்க ரெண்டு பேருக்கு நடுவுல படுத்துத் தூங்கற புள்ள சார் அது" என்றாள் வசந்தா. "அத எப்டி சார் ஹாஸ்டல்ல வுடறது?"

சண்முகத்துக்கு வேறு பயம். "சார், கரண்டு உள்ள போவுமா?"

டாக்டர் சார் அவரையே நாற்காலியில் உட்கார வைத்தார். நான் ஒட்டினேன். படகு அசையவே இல்லை. மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், படகு கரையிலேயே நிற்கிறது.

"அப்பன் படகே நவுரல. இதுல தெனம் பொண்ணத் திட்டறாரு" என்று வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் தாரணி முதல் முதலாகச் சிரித்தாள்.

பெண் பயந்ததால் வசந்தாவைப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். கொஞ்ச நாளிலேயே படகு பறந்தது. அப்படி ஒரு முன்னேற்றம் நாங்கள் பார்த்ததே இல்லை. வசந்தா தெருவெல்லாம் சொல்லி, இன்னும் நாலு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் கேட்டால், "அதே மாதிரிதான் ஜன்னலப் பாத்துக்கினு இருக்குது" என்றார்கள்.

டாக்டர் சார் தாரணியுடைய கோட்டைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "குமரேசா, இங்க பாரு. கோடு எறங்குது. ஒடனே யாரோ தூக்கி வுட்ட மாதிரி ஏறுது. ஒவ்வொரு வாட்டியும். தானா வர கொழந்தைக்கு இவ்ளோ ஒழுங்கா வராதுப்பா" என்றார். மறுநாள் சத்தம் போடாமல் வந்து, பின்னால் தரையில் உட்கார்ந்தார்.

படம் மங்கியது. வசந்தாவின் விரல் தாரணியின் முட்டியில் ஒரு தட்டு தட்டியது. படம் வெளிச்சமானது.

"நீங்க தட்டறீங்களாம்மா?"

அவள் மறைக்கவே இல்லை. "ஆமா சார். தட்டாம எப்டி?"

"எப்பலேந்து?"

"மொத நாள்லேந்து. தறியில நாங்க அப்டித்தான் சார். சேல ஒடம்புக்கு நூல் ஓட்டற நாடா ஒண்ணு, கரைக்கு ஒண்ணு. ரெண்டும் கோத்து வரணும். அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் அசந்துட்டா கரை வுட்டுப் போவும். தறி சத்தத்துல கூப்ட்டா கேக்குமா? முட்டியில ஒரு தட்டு. நான் அசந்தா அவரு தட்டுவாரு, அவரு அசந்தா நான். கண்ணாலம் ஆனதுலேந்து இதான். புள்ள அசந்தா பாத்துக்கினு சும்மா குந்தியிருப்பேனா?"

குமரேசன் என்னைப் பார்த்தார். கையில் பேனா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்களும் அதான் சார் பண்றோம்" என்றார் அவர்.

டாக்டர் சார் கோபப்படவில்லை. ஆனால் வசந்தா இனி வெளியே படிக்கட்டில் உட்கார வேண்டும் என்றார். அன்றைக்குப் படகு நகரவே இல்லை. அடுத்த தடவையும் இல்லை. தாரணி அழுதாள். நான் பசையைக் கழுவும்போது தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை. வசந்தா டாக்டர் சாரை நேராகவே கேட்டாள்.

"நல்லா போய்க்கினு இருந்தத நீங்களே நிறுத்திட்டீங்க. எம் பொண்ண ஹாஸ்டலுக்கு அனுப்ப நீங்களே வழி பண்றீங்களா?"

"நல்லா போய்க்கினு இருந்தது ஒங்க கவனம்மா. அவ பரீட்சைக்கு நீங்க கூட போவ முடியாதுல்ல."

அவள் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பசை கழுவக்கூட இல்லை. வர மாட்டார்கள் என்று நினைத்தோம். குமரேசன் மட்டும் அவர்கள் வருகிற நேரத்துக்கு நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் கழித்து வந்தார்கள். வசந்தா உள்ளே வராமல் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அதிலிருந்து மெதுவாகத்தான் போனது. ஒருநாள் நகரும், மறுநாள் நகராது. முழுப் பரீட்சை கிட்டே வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் படம் மங்கியது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாரணியின் விரல், தானாகவே, தன் முட்டியில் ஒரு தட்டு தட்டியது. படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனது. நின்றது. மறுபடி ஒரு தட்டு.

டாக்டர் சார் கேட்டார், "இப்ப உள்ள எப்படி இருந்துச்சு?"

"அம்மா தட்டன மாறி இருந்துச்சு சார்."

வெளியே படிக்கட்டில் அது கேட்டிருக்க வேண்டும். முந்தானையை உதறுகிற சத்தம் வந்தது, பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம்.

டாக்டர் சார் அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போனார். தாரணியை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பெண்ணை, இவள் தொலைந்துபோனால் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். "கிளாஸ்ல ஒருத்தர ஒருத்தர் தட்டிக்கறதா? நல்லா இருக்கு சார்" என்றார்களாம். பரீட்சை வரைக்கும் பாருங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தார்.

தாரணி பெரிய மார்க் எடுக்கவில்லை. ஆனால் ஒரு தாளிலும் வெள்ளைப் பக்கம் இல்லை. கடைசிவரை எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் பேச்சு அதோடு நின்றது. சண்முகம் எங்கள் மூன்று பேருக்கும் லட்டு கொண்டுவந்தார். மெஷின்தான் காப்பாற்றியது என்றார். "மெஷினால எவ்ளோ, அந்தப் பக்கத்து பெஞ்சுப் பொண்ணால எவ்ளோ, எனக்குத் தெரியாதுப்பா" என்றார் டாக்டர் சார், லட்டைப் பிட்டுக்கொண்டே. ரேவதி, எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல். எனக்கு வேறு பதில் தெரியாது.

போன வருஷம் மழையில், வாலாஜாபாத் ரோட்டில், குமரேசன் வண்டியில் போனார். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

காரியம் எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிப் போனேன். திரை முன்னால் வேறு ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். நல்ல பையன். நான் வகிடு பிரித்தேன், தேய்த்தேன், பசை வைத்தேன், கிண்ணியை அழுத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். தட்டு வரவே இல்லை. அழுத்துவதா விலகுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "அக்கா, போதும்க்கா. நம்பர் எப்பவோ எறங்கிடுச்சு" என்று அந்தத் தம்பி சொன்னபோது பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே டாக்டர் சாரிடம் கேட்டேன். "சார், எனக்கு ஒட்டிப் பாருங்க சார். மனசு ஒரு எடத்துல நிக்கல."

"ஒம் மனசு ஒரே எடத்துலதாம்மா நிக்குது. அதுக்கு எங்கிட்ட மெஷின் இல்ல" என்றார். நான் சென்டர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவரும் தடுக்கவில்லை.

வீட்டில்தான் இருந்தேன். சோறு வடிக்க மறப்பேன். துணியை ஊறவைத்து மறப்பேன். ஒருநாள் வசந்தா தாரணியோடு வந்தாள். தாரணி இப்போது பாவாடை தாவணி கட்டுகிற வயசுக்கு வளர்ந்துவிட்டாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வசந்தா எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரில் அவர் சட்டை மாட்டுகிற ஆணி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போல.

முட்டியில் ஒரு தட்டு.

திரும்பினேன். தாரணிதான். அடுப்பைக் கண்ணால் காட்டினாள். பால் பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. எழுந்து போய் அணைத்தேன். அடுப்படியில் நின்று அழுதேன், அவர் போனதிலிருந்து அப்படி அழுததே இல்லை. பிறகு மூன்று பேரும் காபி குடித்தோம்.

ரேவதி, புதுத் தொப்பி சுலபம் என்கிறாய். இருக்கலாம். ஆனால் எந்தத் தொப்பியானாலும் பிள்ளைகள் தலையில் வைப்பதற்கு முன்னால் உன் கை பழக வேண்டும். அதற்கு ஒரு தலை வேண்டும். திங்கட்கிழமை வருகிறேன், என் தலையில் மாட்டிப் பழகு. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். எண்ணெய் வைக்காமல் வருகிறேன்.